டீ மெஷினுக்கும் மிக்சர் ஜாடிக்கும் நடுவே எத்தனை அடி?

கேள்வி: அறுபது பேர் வேலை பார்க்கும் அலுவலகம். பேன்ட்ரியில் டீ மெஷினை ஒட்டியே பிஸ்கட், மிக்சர், முறுக்கு ஜாடிகள் இருக்கின்றன. எந்நேரமும் யாராவது கொறித்துக்கொண்டிருக்கிறார்கள், எடை கூடுகிறது என்று புலம்பவும் செய்கிறார்கள். தீனியை நிறுத்தாமல், இடத்தை மட்டும் மாற்றி அமைத்தால் குறையுமா? வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களுக்கும் இது பொருந்துமா?

பதில்: குறையும். பாதியாகக் குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எதை எங்கே நகர்த்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பலன் இருக்கும். மேலாளர்கள் வழக்கமாகச் செய்வது ஜாடிக்குள் இருப்பதை மாற்றுவது. மிக்சருக்குப் பதில் மக்கானா, கிரீம் பிஸ்கட்டுக்குப் பதில் ராகி பிஸ்கட். ஜாடி நின்ற இடத்திலேயே நிற்பதால் கையும் பழையபடியே போகும். பில் தொகை மட்டும் ஏறும்.

நொறுக்குத்தீனி தனியாக வருவதில்லை, இன்னொன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. டீ, மீட்டிங், டிவி, கணினித் திரை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. உங்கள் இடத்தில் அந்த ஜோடி எது என்று கண்டுபிடித்துப் பிரிப்பதுதான் வேலை. அலுவலகத்தில் அது பெரும்பாலும் டீ.

இதை நேரடியாக அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. கூகுள் நிறுவனத்தின் ஓர் ஓய்வறையில் பானம் எடுக்கும் இடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று தீனி மேடையிலிருந்து 6.5 அடி, மற்றது 17.5 அடி. யார் எங்கே பானம் எடுக்கிறார்கள், கூடவே தீனியும் எடுக்கிறார்களா என்று நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்துக் குறித்தார்கள். தூர மேடைக்குப் போனவர்களில் சுமார் 12 சதவீதம் பேர் தீனி எடுத்தார்கள். பக்கத்து மேடைக்குப் போனவர்களில் சுமார் 20 சதவீதம். எந்த மேடைக்குப் போவது என்பதை அவரவரே தேர்ந்தெடுத்ததால் இதைக் கறாரான சோதனை என்று சொல்ல முடியாது. ஆனாலும் தீனி அதேதான், விலையும் அதேதான் (இலவசம்). மாறியது பதினோரு அடி மட்டுமே.

உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். அறுபது பேர், தலைக்கு மூன்று டீ என்றால் ஒரு நாளைக்கு 180 தடவை மெஷின் முன்னால் ஆள் நிற்கிறார். 20 சதவீதம் என்றால் 36 கைப்பிடி, 12 சதவீதம் என்றால் இருபத்திரண்டு. வித்தியாசம் நாளுக்குப் பதினான்கு. மாதத்துக்கு 22 வேலை நாள் வைத்தால் முந்நூறு கைப்பிடியைத் தாண்டும். ஒரு கைப்பிடி மிக்சர் ஏறக்குறைய 25 முதல் 30 கிராம், 130 முதல் 150 கலோரி.

தூரம் ஏன் வேலை செய்கிறது? மெஷின் முன்னால் நிற்கும் அந்த அரை நிமிஷத்துக்குக் கைக்கு வேலை இல்லை, கண்ணுக்கும் வேலை இல்லை. முன்னால் இரண்டு பேர் நின்றால் ஒன்றரை நிமிஷம் ஆகிவிடும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் எது கண்ணில் படுகிறதோ அது வாய்க்குள் போகிறது. ஆகவே அளக்க வேண்டியது மெஷினுக்கும் ஜாடிக்கும் உள்ள தூரத்தை அல்ல, ஆள் நிற்கும் இடத்துக்கும் ஜாடிக்கும் உள்ள தூரத்தை. வரிசை நீளும் திசையிலேயே தீனி இருந்தால், மெஷினிலிருந்து பதினைந்து அடி தள்ளி வைத்தும் கடைசி ஆளுக்கு அது கைக்கெட்டும் தூரம்தான். டேப் பிடித்து, வரிசை சேரும் நேரத்தில் அளந்து பாருங்கள்.

பதினைந்து அடிக்கு இடமே இல்லாத பேன்ட்ரிகள்தான் நம் ஊரில் அதிகம். பத்துக்குப் பத்து அறை என்றால் இரண்டு வழி. தீனியை அறைக்கு வெளியே, சாப்பாட்டு மேசைகள் இருக்கும் பக்கம் கொண்டுபோவது ஒன்று. அல்லது அதே அறையில், மெஷின் முன்னால் நிற்பவருக்கு முதுகுப்பக்கம் வரும் சுவரில், கதவு மூடிய கப்போர்டுக்குள் வைப்பது. கண்ணாடிக் கதவு உதவாது, பலகைக் கதவாக இருக்கட்டும். பூட்டு மட்டும் வேண்டாம். பூட்டினால் அது தண்டனை. மறுநாளே மேசை டிராயர்கள் நிரம்ப ஆரம்பித்துவிடும், அப்புறம் தூரம் ஒன்றரை அடிதான்.

காலியான இடத்தைக் காலியாக விடாதீர்கள். மெஷின் பக்கத்தில் தண்ணீர் கேனும் பழமும் வந்து உட்கார வேண்டும். பலர் தடுமாறுவது இந்தப் படியில்தான். தீனியை நகர்த்தும் அன்றே பழக்கூடையையும் ‘எல்லாம் சாப்பிடும் சாமான்தானே’ என்று கூடவே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இன்னொரு பக்கம், காலையில் நிரப்ப வரும் ஹவுஸ்கீப்பிங் பணியாளருக்கு யாரும் காரணம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தன் வசதிப்படி ஜாடிகளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுவார். ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவரை உட்காரவைத்து ஐந்து நிமிஷம் விளக்குவது, சுவரில் ஒட்டும் போஸ்டரைவிடப் பயன்.

சில அலுவலகங்களில் டீ சீட்டுக்கே வரும், தட்டில் இரண்டு பிஸ்கட்டோடு. அங்கே அடிக்கணக்கெல்லாம் செல்லாது. டீ மட்டும் வரட்டும், கேட்டால் பிஸ்கட் என்று மாற்றுங்கள். முதல் வாரம் எல்லாரும் கேட்பார்கள், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். மீட்டிங் மேசை இன்னும் மோசம். நடுவில் வைத்த முந்திரித் தட்டும் பிஸ்கட் தட்டும் ஒரு மணி நேரம் எல்லார் கைக்கும் எட்டும். தட்டை ஓரத்துப் பலகையில் வைத்து, கூட்டம் முடியும்போது எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதும். விருந்தாளி வந்த கூட்டத்துக்கு இதைச் செய்யாதீர்கள்; தட்டைத் தள்ளி வைப்பது நம் பக்கம் மரியாதைக் குறைவாகப் படும், நியாயமும் கூட.

கைக்கு எட்டும் தூரத்துக்குள்ளேயே சில செ.மீ. வித்தியாசமும் கணக்கில் வருகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில் மிட்டாய்க் கிண்ணத்தை 20, 70, 140 செ.மீ. தூரங்களில் வைத்துப் பார்த்தார்கள். 20 செ.மீ.யில் இருந்ததைவிடத் தள்ளி வைத்தபோது சாப்பிட்டது குறைந்தது. ஆசை குறைந்துபோனதால் அல்ல, எடுப்பது ஒரு வேலையாகத் தோன்றியதால். எட்டி எடுக்க வேண்டியிருந்தாலே மனம் ஒரு கணம் யோசிக்கிறது.

ஒரு எச்சரிக்கை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தத் துறையைப் பற்றி இணையத்தில் தேடினால் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க் பெயர்தான் அதிகம் வரும். சாப்பிடச் சாப்பிட அடியிலிருந்து நிரம்பும் சூப் கிண்ணம் போன்ற புகழ்பெற்ற சோதனைகள் அவருடையவை. 2018 செப்டம்பரில் அவருடைய ஆறு கட்டுரைகள் ஒரே சமயத்தில் திரும்பப் பெறப்பட்டன. அதற்கு முன்பும் சில போயிருந்தன. பல்கலைக்கழக விசாரணையில் ஆய்வு நெறிமீறல் உறுதியானது, அவர் பதவி விலகினார். அவர் சொன்னது அத்தனையும் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அந்தப் பெயரை மட்டும் நம்பி யாராவது தட்டு, கிண்ணம் என்று செலவு வைக்கச் சொன்னால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். தூரத்தையும் கிடைக்கும் வகைகளின் எண்ணிக்கையையும் பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் தொகுத்துப் பார்த்தது. திசை நாம் பேசுவதற்குச் சாதகம்தான். ஆய்வுகள் குறைவு, சான்றின் உறுதி குறைவு என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. ஆகவே காசு செலவில்லாத மாற்றங்களில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

பொட்டலத்தின் அளவு பற்றிய சான்று இதைவிட வலுவானது. அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் பார்பரா ரோல்ஸின் குழு 2004-இல் உருளைக்கிழங்கு சிப்ஸை 28, 42, 85, 128, 170 கிராம் பைகளில் வெவ்வேறு நாட்களில் ஒரே ஆட்களுக்குக் கொடுத்தது. பை பெரிதாகப் பெரிதாக உள்ளே போனதும் கூடியது. 85 கிராம் பையைவிட 170 கிராம் பையில் பெண்கள் 18 சதவீதமும் ஆண்கள் 37 சதவீதமும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்து வந்த இரவு உணவில் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளவும் இல்லை.

உங்கள் பேன்ட்ரியில் இது என்னவாகிறது என்றால், ஒரு கிலோ மிக்சர் ஜாடியும் அதற்குள் குழம்புக் கரண்டியும். அளவை முடிவுசெய்வது பசி அல்ல, கரண்டி. மூடி போட்ட சிறு கிண்ணங்களில் 25 கிராம் வீதம் நிரப்பி வைக்கலாம். ஒரு கிலோவுக்கு நாற்பது கிண்ணம், ஒரு பணியாளருக்கு இருபது நிமிஷ வேலை. முடியாது என்றால் கரண்டியையாவது மாற்றுங்கள், டேபிள்ஸ்பூன் போதும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகளை வாங்கி அடுக்குவது எளிய வழியாகத் தெரியும். அதில் இரண்டு கோளாறு. ஒன்று குப்பை. மற்றது, பாக்கெட் சுலபமாகப் பையில் போகும், டிராயரில் சேரும். பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் அதே பாக்கெட் நினைவிருக்கட்டும். சின்ன அளவு அங்கே குறைவாகச் சாப்பிட வைக்கவில்லை, சில்லறைக் காசிலும் வாங்க வைக்கிறது. கிண்ணத்தைத் திருப்பி வைக்க வேண்டும், பாக்கெட்டைத் திருப்பி வைக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வேலைதான் கிண்ணத்தின் பலம்.

எடுப்பதில் மட்டுமல்ல, தின்பதிலும் வேலை இருந்தால் அளவு குறையும். 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஓடு நீக்கிய பிஸ்தாவை எடுத்துக்கொண்டவர்கள் சராசரியாக 211 கலோரி சாப்பிட்டார்கள், ஓட்டோடு இருந்ததை எடுத்தவர்கள் 125. திருப்தி ஏறக்குறைய ஒன்றுதான். நமக்குப் பிஸ்தா எதற்கு? தோலோடு அவித்த வேர்க்கடலை இருக்கிறது, பருவத்தில் பனங்கிழங்கு இருக்கிறது. நார் உரித்து, நடுத்தண்டை எடுத்து, கடித்து மென்று ஒரு கிழங்கை முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். சிக்கல் வேறு இடத்தில்: அவித்த கடலை அன்றைக்கே தீர வேண்டும், தோல் போட ஒரு தனிக் கூடை வேண்டும். மேசைக்குக் கொண்டுபோக விட்டால் கீபோர்டு முழுக்கத் தொலி. பேன்ட்ரியிலேயே நின்று தின்பது என்று வைத்துக்கொண்டால் அதுவே இன்னொரு வேலி.

பழத்துக்கு நேர் எதிர் விதி. எதைக் குறைக்க வேண்டுமோ அதற்கு வேலை கூட்டுங்கள், எதைக் கூட்ட வேண்டுமோ அதன் வேலையைக் குறையுங்கள். முழுப் பப்பாளியை வைத்துப் பக்கத்தில் கத்தியும் வைத்தால் மூன்றாம் நாள் அது குப்பைக்குப் போகும். வெட்டி மூடி வைத்த கொய்யா, மேலே கொஞ்சம் உப்பும் மிளகாய்த்தூளும் என்றால் பதினொரு மணிக்கே தீர்ந்துவிடும். வெட்டியதை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பாதியை ஃபிரிட்ஜில் வைத்து மதியம் எடுங்கள். வாழைப்பழம் வாரத்துக்கு ஒரு தாராக வாங்கினால் வியாழக்கிழமை எல்லாம் ஒன்றாகக் கறுக்கும். வாரம் இரண்டு தடவை, பழுத்தது பாதி, செங்காய் பாதி என்று வாங்கிக் கொக்கியில் தொங்கவிடுங்கள்.

நாலரை மணிப் பசியை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டவருக்கு நாலரைக்கு வருவது நிஜப் பசி, ஜாடி செய்த மாயம் அல்ல. அதை இடமாற்றத்தால் தீர்க்கப் போனால் கூட்டமாகக் கீழே டீக்கடைக்கு இறங்குவார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வடை, பக்கத்தில் கொதிக்கும் எண்ணெயில் பஜ்ஜி, வாசனை தெருமுனை வரைக்கும். கீழே போவதும் ஒரு நடைதான், பேச்சுதான், அதைத் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் நாலு மணிக்குச் சூடாகச் சுண்டல் மெஷின் பக்கத்தில் இருந்தால் இறங்குகிறவர்களில் ஒரு பகுதியாவது தங்கிவிடுவார்கள். நாற்பது பேருக்குத் தலா 75 கிராம் என்றால் மூன்று கிலோ சுண்டல்; உலர்ந்த கொண்டைக்கடலை ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை ஊறவைக்க வேண்டும், எட்டு மணி நேரம். காலையில் செய்துவரும் சுண்டலில் தேங்காய் சேர்க்கச் சொல்லாதீர்கள். சென்னை வெயிலுக்கு மதியத்துக்குள் ஊசிப்போகும். துருவலைத் தனியாக ஃபிரிட்ஜில் வைத்துப் பரிமாறும்போது தூவலாம்.

பேன்ட்ரியையே காலி செய்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். ஃபோனில் ஆர்டர் போட்டால் அரை மணியில் வாசலுக்குப் பஃப்ஸ் வரும் காலம் இது. டெலிவரிக் கட்டணம் வீணாகக் கூடாதென்று நாலு பேர் சேர்ந்து வாங்குவார்கள், தேவைக்கு மேல் வாங்குவார்கள்.

மாற்றியது பலித்ததா என்று தெரிய, மாற்றுவதற்கு முன்பே இரண்டு வாரம் அளந்திருக்க வேண்டும். திங்கள் காலை இருப்பை எடை போடுங்கள், இடையில் வாங்கியதைக் கூட்டுங்கள், வெள்ளி மாலை மிச்சத்தைக் கழியுங்கள். அதை ஊழியர் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள், வருகை நாட்களால் வகுங்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்றால் அறுபது பேர் என்பது காகிதக் கணக்கு. உதாரணத்துக்கு, இரண்டு வாரத்தில் 9 கிலோ போயிருந்து வருகை நாட்கள் 360 என்றால் தலைக்கு நாளொன்றுக்கு 25 கிராம். மாற்றியபின் முதல் வாரக் கணக்கை ஒதுக்கிவிடுங்கள். அது புதுமை, தேடல், முணுமுணுப்பு எல்லாம் கலந்தது. அடுத்த மூன்று வாரத்தைப் பாருங்கள். யாராவது பிறந்தநாள் கேக் வெட்டிய வாரம், பண்டிகை வாரம் இரண்டும் ஒப்பீட்டுக்கு ஆகாது. இடம், கிண்ணம், சுண்டல் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

அடுத்து வீடு. அங்கே டீயைவிட நாற்காலிதான் ஜோடி. தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் நீல், வெண்டி வுட் குழு 2011-இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டும். திரையரங்கில் சிலருக்குப் புதிய பாப்கார்ன், சிலருக்கு ஏழு நாள் பழசு. சினிமாவில் பாப்கார்ன் தின்றே பழகியவர்கள், நன்றாக இல்லை என்று சொல்லிக்கொண்டே பழசையும் புதுசு அளவுக்கே தின்றார்கள். அதே பாப்கார்னைக் கூட்ட அறையில் கொடுத்தபோது பழசைத் தள்ளி வைத்தார்கள். இன்னொரு சோதனையில், வழக்கமாகச் சாப்பிடாத கையால் எடுக்கச் சொன்னதும் திரையரங்கிலேயே அந்தப் பழக்கத்தின் பிடி தளர்ந்தது. தின்ன வைத்தது ருசி அல்ல, இருட்டும் இருக்கையும் பழகிய கையும்.

டைனிங் டேபிளில் லேப்டாப் வைத்து வேலை செய்கிறவருக்கு இதுதான் நடக்கிறது. அது சாப்பிடும் இடம் என்று உடம்புக்குப் பாடமாகியிருக்கிறது, கண்ணெதிரே சமையலறை வேறு. தனி அறை இல்லாத வீட்டில்கூட நாற்காலியைத் திருப்பிப்போட்டு, அடுக்களை முதுகுப்பக்கம் வருமாறு உட்காரலாம். மேசைமேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவை வேலை நேரத்தில் எடுத்துவிடலாம். டிவி முன்னால் சம்படத்தோடு உட்காரக் கூடாது. கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, சம்படத்தை மூடி உள்ளே வைத்துவிட்டு வந்து உட்கார வேண்டும். இரண்டாம் முறைக்கு எழுந்து போக வேண்டியிருக்கும். பாதி நாள் போக மாட்டீர்கள்.

பாத்திரமும் முக்கியம். மாடுலர் கிச்சன் வந்தபிறகு எல்லாம் கண்ணாடி ஜாடி, பிளாஸ்டிக் ஜாடி என்றாகிவிட்டது. பருப்புக்கு அது வசதி. முறுக்குக்கு எவர்சில்வர் சம்படம்தான் சரி: உள்ளே இருப்பது தெரியாது, மூடி இறுக்கம், திறந்தால் வீடு முழுக்கச் சத்தம் கேட்கும். முன்பு அதைப் பரணில் ஏற்றி வைத்தார்கள், வெண்ணெயை உறியில் தொங்கவிட்டார்கள். எறும்பு, பூனை, பிள்ளைகள் ஆகிய மூன்று தரப்புக்கும் அது ஒரே ஏற்பாடு. இன்றைக்கு அடுப்பு மேடைக்கு மேலே, ஸ்டூல் போட்டால்தான் எட்டும் அலமாரி போதும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் உயரத்தில் வைக்காதீர்கள். அவர்கள் ஏறி விழுந்தால் வினை. கீழ் டிராயரின் ஆழத்தில், அடுக்குப் பாத்திரத்துக்குப் பின்னால் வையுங்கள். பழத்தையும் வெள்ளரியையும் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் புதைக்காமல் கண்மட்டத் தட்டில் வைத்தால் அந்தத் தட்டே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அரசுகளும் இதே அளவுகோலைத்தான் எடுத்திருக்கின்றன. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் பெரிய கடைகள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களை வாசலிலும், அலமாரி வரிசையின் முனையிலும், பில் போடும் இடத்திலும் வைக்கக் கூடாது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் அத்தகைய பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கத் தடை சொல்கின்றன. பள்ளி விட்டதும் வாசல் பக்கம் ஒரு தடவை நின்று பார்த்தால், அந்த 50 மீட்டரை யாரும் டேப் வைத்து அளக்கவில்லை என்பது புரியும்.

கடைசியாக, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம். சப்ளையர்கள் அனுப்பும் ஸ்வீட் பாக்ஸ்கள் பேன்ட்ரி மேசையில் மூடி திறந்தபடி வரிசையாக இருக்கும். அப்போது மேலே சொன்ன எந்த ஏற்பாடும் நிற்காது, நிற்க வைக்க முயலவும் வேண்டாம். ஒன்று மட்டும் செய்யலாம். ஒரு சமயத்தில் ஒரு பெட்டிதான் திறந்திருக்க வேண்டும், அதுவும் சாப்பாட்டு மேசைப் பக்கம். மைசூர்பாகு போன்றவற்றை முன்கூட்டியே பாதியாக வெட்டி வைக்கலாம். மிச்சப் பெட்டிகளைத் திறக்காமலே ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஊழியர்களின் வீடுகளுக்கு அன்றைக்கே கொடுத்தனுப்பிவிடுங்கள். திறந்த பெட்டியைக் கொடுப்பது அழகல்ல என்பதால் இதைக் காலையிலேயே செய்ய வேண்டும்.